சிப்பாயும் வீட்டுக்காரரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முழு நேரப் பட்டாள உத்தியோகத்தில் இருப்பவர்களின் தொகை ஏறக்குறைய 13 லக்ஷம். இவர்களுள் குடும்பத்தோடு வாழ்பவர்களில் பெரும்பாலோர் படைத்தளங்களுக்குள் வசிப்பதில்லை. தளத்தை அடுத்த ஊரில் ஒரு வீட்டை அமர்த்திக்கொண்டு, மற்றக் குடிஜனங்களைப் போலவே அண்டை அயலாரோடு வாழ்கிறார்கள். சில வருஷங்களுக்கு ஒரு தடவை மாறுதல் உத்தரவு வருகிறது. வந்தவுடன் மனைவி மக்களை அழைத்துக்கொண்டு, தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு, முன்பின் அறியாத ஓர் ஊருக்குச் சென்று, முன்பின் அறியாத ஒருவருடைய வாசலில் நின்று, வீடு காலியாக இருக்கிறதா என்று கேட்க வேண்டியவர்களாகிறார்கள்.

அவ்வாறு வந்து கேட்கும் சிப்பாய்க்கு வீட்டைக் கொடுக்கலாமா, கூடாதா? எதை விசாரிக்கலாம், எதை விசாரிக்கலாகாது? டெக்ஸாஸ் மாகாணத்துக் கில்லீன், வர்ஜினியாவிலுள்ள நார்போக், கலிபோர்னியாவிலுள்ள ஸான் டியாகோ முதலிய பட்டாள ஊர்களில் வாடகைக்கு வீடு வைத்திருக்கும் எவரும் இந்தக் கேள்விக்கு விடை கண்டே தீரவேண்டும். அந்நாட்டில் குடியேறி, வீடு வாங்கி, வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்களும் இதற்கு விலக்கல்லர். ஆயினும் இதை வீட்டுக்காரரின் லாப நஷ்டக் கணக்கு என்று மாத்திரம் கருதி ஒதுக்கிவிட நமக்குச் சம்மதமில்லை. தேசத்தின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு ஊர் ஊராய்ப் போகிறவனுக்கு அத்தேசத்தின் பிரஜைகள் என்ன கடமைப்பட்டிருக்கிறார்கள் என்ற பெரிய விஷயம் இதற்குள் அடங்கியிருக்கிறது. அமெரிக்கச் சட்டம் அதற்குப் பாதி விடைதான் கூறியிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். வாசலைத் தாண்டி உள்ளே குடிவந்துவிட்ட சிப்பாயை அது நன்றாகக் காக்கிறது. வாசலிலே நிற்கும் சிப்பாயை வீட்டுக்காரரின் மனச்சாட்சிக்கே விட்டுவிடுகிறது.

பழைய வழக்கு

சிப்பாய்க்கும் வீட்டுக்காரருக்கும் உள்ள வழக்கு அந்நாட்டில் புதியதன்று. ஆங்கிலேயப் பார்லிமெண்டு 1765-லும் 1774-லும் இயற்றிய சட்டங்கள், அமெரிக்கக் குடியேற்ற நாடுகளில் நிறுத்தப்பட்ட ஆங்கிலப் பட்டாளத்துக்கு இருப்பிடம் தேடித் தரும் பாரத்தை அந்நாட்டு ஜனங்களின் தலையிலே சுமத்தின. பாளையங்கள் போதாதவிடத்துச் சத்திரங்களும் ஆளில்லாத கட்டடங்களும் சிப்பாய்களுக்காக ஒழித்துக் கொடுக்கப்பட வேண்டியவையாயின. 1776-ல் வெளியான சுதந்திரப் பிரகடனத்தில் மன்னர்மேல் சாட்டப்பட்ட குற்றங்களுள் இதுவும் ஒன்று. 1791-ல் அமலுக்கு வந்த அரசியலமைப்பின் மூன்றாவது திருத்தம், சமாதான காலத்தில் வீட்டுக்காரரின் சம்மதமின்றி எந்தச் சிப்பாயையும் எந்த வீட்டிலும் தங்க வைக்கலாகாது என்று விதித்தது.

சுதந்திர தேசத்துக்குத் தகுந்த விதிதான் இது. ஆயுதம் தாங்கியவன் ஆயுதமில்லாதவருடைய வாசலில் நின்று சம்மதம் கேட்க வேண்டும் என்பது குடியாட்சியின் சிறந்த லக்ஷணங்களில் ஒன்று. ஆனால் சம்மதம் அளிக்கும் உரிமை ஒருவர் கைக்கு வந்தவுடன், அதை நியாயமாகப் பிரயோகிக்கும் பொறுப்பும் கூடவே வந்துவிடுகிறது. அப்பொறுப்பை அமெரிக்க வீட்டுக்காரர்கள் எக்காலத்திலும் சரிவர வகித்தார்கள் என்று சொல்ல முடியாது.

ஜனாதிபதி ட்ரூமன் 1948-ஆம் வருஷம் ஜூலை மாதம் 26-ந் தேதி பிறப்பித்த உத்தரவினால், நிறம், இனம், மதம் என்ற வேற்றுமையின்றி அனைவருக்கும் பட்டாளத்தில் சம வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும் என்று ஏற்பட்டது. பாளையத்துக்குள்ளே வெள்ளைச் சிப்பாயும் நீக்ரோ என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்புச் சிப்பாயும் ஒரே அணியில் நின்றார்கள். ஒரே பந்தியில் உண்டார்கள். பாளையத்தின் கதவுக்கு வெளியே காலெடுத்து வைத்ததும் நிலைமை வேறாயிற்று. வெள்ளைச் சிப்பாய்க்குக் கிடைத்த வீடு கறுப்புச் சிப்பாய்க்கு மறுக்கப்பட்டது. 1962-ல் ஜனாதிபதி கென்னடி, ஜெர்ஹார்ட் கெஸெல் என்ற வக்கீலின் தலைமையில் ஒரு கமிட்டியை நியமித்தார். பாளையத்துக்கு வெளியே வீடு விஷயத்தில் நடக்கும் பாரபக்ஷம் பட்டாளத்தின் ஊக்கத்தையே குலைக்கிறது என்று அக்கமிட்டி 1963-ல் எடுத்துக் கூறியது. நல்வார்த்தை சொல்லி வீட்டுக்காரர்களைத் திருத்த முயன்று பலன் காணாத ராணுவ மந்திரி மக்நமாரா, 1967-ல் வேறு வழியைக் கையாண்டார். மேரிலாந்து மாகாணத்தில் ஆண்ட்ரூஸ் விமானப் படைத்தளத்தைச் சுற்றியுள்ள பிரதேசத்தில், கறுப்புச் சிப்பாய்க்கு இடமில்லை என்று சொல்லும் வாடகைக் கட்டடங்களில் இனி எந்த நிறத்துச் சிப்பாயும் புதிதாகக் குடிபுகலாகாது என்று தடை விதித்தார். வாடகை வருமானத்தில் கை வைத்தவுடன், நியாயத்துக்குத் திறக்காத கதவுகள் பல திறந்தன. 1968 ஏப்ரலில் நியாய வீட்டு வசதிச் சட்டமும் நிறைவேறியது.

இந்தச் சரித்திரத்தை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. வாடகைக்கு வருகிறவரை விசாரித்துத் தேர்ந்தெடுப்பது வீட்டுக்காரரின் நியாயமான உரிமை. ஆனால் விசாரணை என்ற பெயரால் முன்பே முடிவு செய்துவிட்ட வெறுப்பை மறைத்துக்கொள்ளவும் கூடும். முன்னதற்கு இடங்கொடுத்துப் பின்னதைத் தடுப்பதே சட்டத்தின் வேலை.

உள்ளே வந்தவனுக்குக் காப்பு

முதல் உலக யுத்தத்தில் அமெரிக்கா கலந்துகொண்ட காலத்தில், 1918-ல், சிப்பாய்கள், மாலுமிகள் சிவில் நிவாரணச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் நகலைத் தயாரித்தவர், சாட்சியச் சட்டம் பயின்ற வக்கீல்கள் யாவரும் பெயரறிந்த விக்மோர் என்ற பேராசிரியர். இரண்டாவது உலக யுத்தத்தின்போது 1940-ல் அச்சட்டம் புதுப்பிக்கப்பட்டது. 2003 டிஸம்பரில் அதை முற்றிலும் திருத்தி எழுதிய சட்டமே இன்று அமலில் இருப்பது. போர்முனையில் நிற்பவன் கோர்ட்டிலும் நிற்க முடியாது. ஆகையால் அவன் இல்லாத சமயத்தில் அவன் உரிமைகள் பறிபோகலாகாது என்பது இதன் அடிப்படை. நம் நாட்டில் 1925-ல் ஏற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் வியாஜ்யச் சட்டமும் இதே தத்துவத்தைத் தழுவியதுதான்.

வீட்டு விஷயத்தில் இச்சட்டம் சிப்பாய்க்கு அளிக்கும் உரிமைகளுள் முக்கியமானவை மூன்று.

முதலாவது, மாறுதல் உத்தரவு வந்தாலும், 90 நாட்களுக்குக் குறையாமல் வேறிடத்துக்குப் படையெடுத்துச் செல்லும் உத்தரவு வந்தாலும், வாடகை ஒப்பந்தத்தைக் காலம் முடியுமுன்னரே அவன் முறித்துக்கொள்ளலாம். பட்டாளத்தில் சேருமுன் எழுதிய ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும். எழுத்து மூலமான நோட்டீஸையும் உத்தரவின் பிரதியையும் வீட்டுக்காரருக்குச் சேர்ப்பிக்க வேண்டும். அதன்பின் வரும் வாடகைத் தவணை நாளிலிருந்து 30 நாட்கள் கழிந்ததும் ஒப்பந்தம் முடிகிறது. உதாரணமாக, மாதம் 1-ந் தேதி வாடகை செலுத்துகிறவன் ஆகஸ்டு 5-ந் தேதி நோட்டீஸ் கொடுத்தால், அடுத்த தவணை ஸெப்டம்பர் 1. அதிலிருந்து 30 நாட்கள் கழித்து அக்டோபர் 1-ந் தேதி அவன் பொறுப்பு தீருகிறது. காலத்துக்கு முன் வெளியேறியதற்காக அபராதம் வசூலிக்கக் கூடாது. முன்கூட்டிச் செலுத்திய வாடகையில் மிச்சமிருப்பதைத் திருப்பித் தரவேண்டும். இவ்விதம் சட்டப்படி வெளியேறும் சிப்பாயின் முன்பணத்தையோ சாமான்களையோ தெரிந்தே பிடித்து வைத்துக்கொள்ளும் வீட்டுக்காரருக்கு ஒரு வருஷம் வரை சிறைத் தண்டனையும் விதிக்கலாம். சிப்பாய் பணியிலிருக்கும்போது இறந்துவிட்டால், அவன் மனைவி ஒரு வருஷத்துக்குள் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, கோர்ட்டு உத்தரவின்றிச் சிப்பாயையோ அவன் குடும்பத்தையோ குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றலாகாது. குறிப்பிட்ட வாடகை வரம்புக்குட்பட்ட வீடுகளுக்கே இது பொருந்தும். 2003-ல் மாதம் 2,400 டாலர் என்று வகுக்கப்பட்ட வரம்பு, வருஷந்தோறும் விலைவாசியை அனுசரித்து உயர்ந்து, 2024-ல் 9,800 டாலரையும் கடந்துவிட்டது. எனவே ஏறக்குறைய எல்லா வீடுகளும் இதில் அடங்கும். பட்டாள சேவையால் வாடகை செலுத்தும் சக்தி குன்றியிருக்கிறது என்று கண்டால், கோர்ட்டு 90 நாட்கள் தவணை கொடுக்கலாம்.

மூன்றாவது, பிரதிவாதி ஆஜராகாத வழக்கில் ஒருதலை டிக்கிரி கேட்கும் வாதி, அப்பிரதிவாதி பட்டாள சேவையில் இருக்கிறானா இல்லையா என்று பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்ய வேண்டும். இருக்கிறான் என்றால், அவனுக்காகக் கோர்ட்டே ஒரு வக்கீலை நியமிக்க வேண்டும். ராணுவ இலாகாவின் ஆள்பலப் பதிவு நிலையத்தில் இணையத்தின் வழியாக இதைச் சரிபார்த்துக்கொள்ள வசதி இருக்கிறது. தெரிந்தே பொய்ப் பிரமாணம் செய்பவர் தண்டனைக்குள்ளாவார்.

பயத்தை நிறுத்துப் பார்ப்போம்

இந்த உரிமைகளைக் கேள்வியுற்ற வீட்டுக்காரர்களில் சிலர், “இத்தனை பாதுகாப்புள்ள ஆளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு நாம் அவஸ்தைப்படுவானேன்?” என்று பின்வாங்குகிறார்கள். பயம் முழுவதும் ஆதாரமற்றதென்று நாம் சொல்லமாட்டோம். வருஷ ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தவன் ஐந்தாம் மாதத்தில் போய்விட்டால், வீட்டைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, வேறு ஆள் தேட வேண்டும். ஒரே ஒரு வீட்டை வைத்துக்கொண்டு, அதன் வாடகையைக் கொண்டே அடமானத் தவணை கட்டுகிறவருக்கு ஒரு மாதம் வீடு காலியாகக் கிடப்பது சிறிய நஷ்டமன்று.

ஆனால் பயத்தை மாத்திரம் தட்டில் வைத்து நிறுத்துவது நியாயமாகாது. மற்றத் தட்டிலும் வைக்க வேண்டியவை பல. வேலை போனவனும், குடும்பச் சச்சரவில் பிரிந்தவனும், கடனுக்கு அஞ்சியவனும் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டுதான் போகிறார்கள். அவர்களில் இராவோடு இராவாகச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. சிப்பாயோ உத்தரவின் பிரதியோடு வந்து, நாள் குறித்து, நாம் மேலே காட்டிய கணக்கின்படி எட்டு வாரத்து வாடகையையும் செலுத்திவிட்டுப் போகிறான். அவனுடைய சம்பளம் வியாபார மந்தத்தால் நின்றுபோவதன்று. மாதம் 1-ந் தேதியும் 15-ந் தேதியும் சர்க்கார் கஜானாவிலிருந்து வருவது. கடனைச் செலுத்தாமல் மானக்கேடாக நடந்துகொள்வது பட்டாளச் சட்டத்தின்படியே குற்றமாகலாம். ரகசிய விஷயங்களைக் கையாளும் அனுமதி பெற்றவனுக்குக் கடன் பாக்கி சேர்ந்தால் அந்த அனுமதியே பறிபோகக் கூடும். உத்தியோகத்தையே பணயமாக வைத்து வாடகை செலுத்தும் குடித்தனக்காரர் வேறு எத்தனை பேர் கிடைப்பார்கள்?

சட்டம் சோம்பேறிகளுக்கும் ஏமாற்றுக்காரர்களுக்கும் கேடயமாகிவிடும் என்ற பயமும் வேண்டியதில்லை. 1943-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு பூன் எதிர் லைட்னர் என்ற வழக்கில் இதைத் தெளிவாக்கியது. தலைநகரில் உத்தியோகம் வகித்த ஒரு காப்டன், தம் மைனர் மகளின் பொருட்டுத் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த பணத்தைப் பற்றிய வழக்கை, பட்டாள சேவையைக் காரணம் காட்டி ஒத்திவைக்கக் கேட்டார். சிப்பாய்க்கு அனுகூலமாகவே சட்டத்துக்குப் பொருள் கொள்ள வேண்டும் என்று ஒப்புக்கொண்ட கோர்ட்டு, சேவை உண்மையிலேயே தடையாக இல்லாதவிடத்து அது தப்பிக்கொள்ளும் வழியாகாது என்று கூறி, தவணை மறுக்கப்பட்டதை உறுதிப்படுத்தியது. உடுப்பை அணிந்திருப்பது ஒன்றினாலேயே கடன் தீர்ந்துவிடாது.

எதைக் கேட்கலாம்?

அவ்வாறாயின் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வீட்டைக் கொடுத்துவிட வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. உடுப்பைக் கண்டு வெறுப்பது எவ்வளவு பிசகோ, உடுப்பைக் கண்டு மயங்கி ஒன்றும் விசாரியாமல் சாவியைக் கொடுப்பதும் அவ்வளவு பிசகு. சிப்பாய்களிலும் நாணயஸ்தர் உண்டு, நாணயமற்றவர் உண்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உலைக்குப் பொருந்தும், மனிதர்களுக்குப் பொருந்தாது. வருகிற ஒவ்வொருவரையும் தனித்தனியே, ஆனால் ஒரே அளவுகோலால், அளந்தறிய வேண்டும். அந்த அளவுகோலை முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வது உத்தமம்.

வருமானத்தை அறிய மாதச் சம்பளச் சீட்டைக் கேட்கலாம். அதில் அடிப்படைச் சம்பளம், வீட்டுப் படி, உணவுப் படி, பிடித்தங்கள், சேவைக் காலம் முடியும் தேதி ஆகிய யாவும் காணப்படும். இங்கே வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் கவனியாத விஷயம் ஒன்று உண்டு. வாடகையைப் போல் மூன்று மடங்கு வருமானம் வேண்டும் என்பது அங்கே பலர் கையாளும் விதி. அடிப்படைச் சம்பளத்தை மாத்திரம் பார்த்தால் இளம் சிப்பாய் இந்த விதிக்குத் தேறமாட்டான். வீட்டுப் படியும் உணவுப் படியும் வருமானமே; அவற்றுக்கு வரியும் கிடையாது. அவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவதே நேர்மை. வீட்டுப் படி ஊர், பதவி, குடும்பம் ஆகிய மூன்றையும் பொறுத்தது. அவ்வூரின் சராசரி வீட்டுச் செலவில் 95 சதவிகிதத்தை ஈடுசெய்யும் அளவில் 2019 முதல் நிர்ணயிக்கப்பட்டு வருகிறது. குடும்பமுள்ள சிப்பாய் கடல் கடந்து போருக்குச் சென்றாலும் அது நிற்பதில்லை.

கடன் நாணய அறிக்கையைத் தருவித்துப் பார்க்கலாம். 1970-ஆம் வருஷத்துச் சட்டப்படி, அந்த அறிக்கையைக் கொண்டு ஒருவருக்கு வீடு மறுத்தால், அதை அவருக்குத் தெரிவிக்க வேண்டியது கடமை. சிப்பாயின் அறிக்கையைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பத்து வருஷத்தில் ஐந்து விலாசங்கள் இருந்தால், நிலையற்ற மனிதன் என்று மற்றவரைப் பற்றி எண்ண இடமுண்டு. சிப்பாய் விஷயத்தில் அது அவன் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்ததற்குச் சாட்சி. அவ்வாறே, முன்பு நிவாரணச் சட்டத்தின் சலுகையைக் கோரினான் என்ற ஒரே காரணத்தால் ஒருவனுக்குக் கடன் மறுக்கலாகாது என்று அச்சட்டமே கூறுகிறது. வீட்டுக்காரருக்கும் அது நல்ல வழிகாட்டி.

முன்பு குடியிருந்த வீடுகளின் சொந்தக்காரர்களை விசாரிப்பதே எல்லாவற்றிலும் சிறந்த சோதனை. வாடகை ஒழுங்காக வந்ததா, வீட்டைப் பழுதின்றி ஒப்படைத்தானா, அயலாரோடு சச்சரவு உண்டா என்ற மூன்று கேள்விகள் போதும். மாறுதல் உத்தரவையும், அவ்வூரில் எவ்வளவு காலம் இருப்பதாக எதிர்பார்க்கிறான் என்பதையும் கேட்டறியலாம். ஒப்பந்தக் காலத்தை அதற்கேற்ப வகுத்துக்கொள்வது இருவருக்கும் நன்மை. அவன் இல்லாத சமயத்தில் வீட்டு விஷயங்களைக் கவனிக்க மனைவிக்கோ வேறொருவருக்கோ அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுக்கும்படி முன்கூட்டியே யோசனை சொல்வது புத்திசாலித்தனம். நள்ளிரவில் குழாய் வெடித்தால் கையொப்பமிட வேண்டியவன் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருப்பான்.

பட்டாள அடையாள அட்டையைக் கண்ணால் பார்க்கலாம். உரிய அதிகாரமின்றி அதைப் படமெடுத்து வைத்துக்கொள்வதை மத்திய சட்டம் தடுக்கிறது. மேலதிகாரியை அணுகுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாடகை பாக்கி விழுந்தால் அவருக்குக் கடிதம் எழுதலாம். அவர் சிப்பாயைக் கூப்பிட்டுப் புத்தி சொல்லலாம். வசூலித்துத் தரும் அதிகாரம் அவருக்கில்லை. ஆகவே அவரை ஜாமீன்தாராக எண்ணிக்கொண்டு மற்ற விசாரணையைக் கைவிடலாகாது.

எதைக் கேட்கலாகாது?

இனிச் செய்யத் தகாதவற்றைக் கூறுவோம். சிப்பாய் என்பதற்காக மற்றவர்களிடம் வாங்குவதைவிட அதிக முன்பணம் கேட்பது தகாது. வீட்டுப் படியின் விகிதங்கள் யாவரும் பார்க்கும்படி பிரசுரிக்கப்படுகின்றன. அதைப் பார்த்து, சர்க்கார் கொடுப்பது அத்தனையும் தமக்கே சேரவேண்டுமென்று வாடகையை அதே தொகைக்கு உயர்த்துவது, உடுப்பின் பேரால் ஓர் ஊரையே சுரண்டுவதாகும். அவ்வாடகை பட்டாளத்தில் இல்லாத ஏழைத் தொழிலாளியின் தலையிலும் விடிகிறது.

நிவாரணச் சட்டத்தின் உரிமைகளை விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தத்தின் மூலையிலே பொடி எழுத்தில் ஒரு ஷரத்தைப் புகுத்தும் தந்திரமும் உண்டு. அத்தகைய விட்டுக்கொடுப்பு தனிப் பத்திரமாக, 12 புள்ளிக்குக் குறையாத எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவனிடம் கையொப்பம் வாங்கித் தேசம் அளித்த உரிமையைப் பறிப்பது கௌரவமுள்ள வீட்டுக்காரர் செய்யும் காரியமன்று.

போரிலிருந்து திரும்பியவன் மனம் கலங்கியவனாயிருப்பான் என்ற எண்ணத்தால், “உனக்கு மூளைக் கோளாறு உண்டா? இராத்திரியில் அலறுவாயா?” என்பது போன்ற கேள்விகளைக் கேட்பது எல்லாவற்றிலும் கொடுமையானது. வீடு தேடி வருபவரின் ஊனத்தைப் பற்றித் துருவி விசாரிப்பதை நியாய வீட்டு வசதிச் சட்டமும் அதன்கீழ் ஏற்பட்ட விதிகளும் தடுக்கின்றன. சட்டம் இருக்கட்டும், தேசம் அனுப்பிய இடத்தில் காயம்பட்டு வந்தவனிடம் அக்காயத்தையே குற்றமாகக் காட்டிக் கதவைச் சாத்துவதை எந்தத் தர்மம் ஒப்பும்?

வாசலில் நிற்பவனுக்கு என்ன?

இவ்வளவும் சொன்ன பிறகு, நாம் முதலில் குறிப்பிட்ட குறைக்கு வருவோம். 1968-ஆம் வருஷத்துச் சட்டம் நிறம், இனம், மதம், பிறந்த தேசம் என்ற காரணங்களால் வீடு மறுப்பதைத் தடுத்தது. 1974-ல் ஆண், பெண் என்ற வேற்றுமையும், 1988-ல் ஊனமும், குழந்தைகளோடு கூடிய குடும்பம் என்பதும் அந்த ஜாபிதாவில் சேர்ந்தன. பட்டாள உத்தியோகம் என்பது அதில் இடம்பெறவில்லை. வாஷிங்டன் மாகாணம், நியூயார்க், இல்லினாய், மாஸச்சுஸெட்ஸ் முதலிய சில மாகாணங்கள் தங்கள் சட்டங்களில் அதைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. அத்தகைய சட்டமில்லாத இடங்களில், “நீ சிப்பாய், பாதியில் போய்விடுவாய், உனக்கு வீடில்லை” என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னாலும் மத்திய சட்டம் அவரைத் தடுப்பதில்லை.

இதன் விளைவு விசித்திரமானது. உள்ளே வந்தவனுக்கு அளித்த பாதுகாப்பு எவ்வளவு அதிகமோ, அவனை உள்ளே விடாமலிருக்க வீட்டுக்காரருக்கு அவ்வளவு தூண்டுதல் ஏற்படுகிறது. ஒரு மாகாணத்தில் சட்டம் காத்த அதே சிப்பாய், மாறுதலாகி அடுத்த மாகாணத்துக்குப் போனதும் அந்தக் காப்பை இழக்கிறான். மாறுதல் உத்தரவைப் பிறப்பிப்பது மத்திய சர்க்கார். அவன் விருப்பம் கேட்டு அது வருவதில்லை. அப்படியிருக்க, அவன் போகும் ஊரில் கதவு திறக்குமா என்பதை மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடவிடுவது எவ்வாறு பொருந்தும்? பட்டாள உத்தியோகத்தையும் மத்திய சட்டத்தின் ஜாபிதாவில் சேர்ப்பதே முறை.

அதே சமயத்தில் வீட்டுக்காரருக்கும் நியாயம் செய்ய வேண்டும். தேச ரக்ஷணைக்காகச் சிப்பாயை இடம் மாற்றுவது சர்க்கார். அதனால் வரும் நஷ்டம் சிப்பாய்மேல் விழலாகாது என்று சட்டம் சரியாகவே தீர்மானித்தது. ஆனால் அதே நஷ்டத்தைத் தற்செயலாக அவனுக்கு வீடு கொடுத்த ஒருவர் தலையில் இறக்கி வைப்பானேன்? ஊராருக்கெல்லாம் பொதுவான காரியத்தின் செலவை ஊராரெல்லாம் பங்கிட்டுக்கொள்வதுதான் நீதி. உத்தரவினால் ஒப்பந்தம் முறிந்து வீடு காலியாகக் கிடக்கும் காலத்தில் ஒரு மாத வாடகையைப் பொதுக் கஜானா ஈடுசெய்யுமானால், பட்டாளச் செலவில் அது ஒரு துரும்பு. ஒற்றை வீட்டுக்காரருக்கோ பெரிய ஆறுதல். சிப்பாயைக் கண்டு பின்வாங்குவதற்கு அவர் கூறும் முக்கியமான காரணமும் அத்துடன் நீங்கிவிடும். சட்டத்தின் தடை ஒரு கையும் கஜானாவின் ஈடு மற்றொரு கையுமாகச் சேர்ந்தால்தான் கதவு மனப்பூர்வமாகத் திறக்கும்.

அவை வரும் வரையில் பொறுப்பு வீட்டுக்காரர்களுடையது. 1791-ல் அந்நாட்டு ஜனங்கள், தங்கள் சம்மதமின்றிச் சிப்பாய் தங்கள் வீட்டில் நுழையலாகாது என்ற உரிமையை நிலைநாட்டிக்கொண்டார்கள். சம்மதம் கேட்டுப் பணிவோடு வந்து நிற்பவனுக்கு, மற்றவருக்குச் செய்யும் அதே விசாரணையைச் செய்து, மற்றவருக்குச் சொல்லும் அதே விடையைச் சொல்வதே அவ்வுரிமைக்குப் பெருமை தரும். சம்பளச் சீட்டையும் பழைய வீட்டுக்காரரின் வாக்கையும் பார்த்துத் தேறினால் சாவியைக் கொடுக்கட்டும். தேறாவிட்டால் காரணத்தைச் சொல்லி மறுக்கட்டும். சிப்பாய் என்பது மட்டும் அந்தக் காரணமாக இருக்க வேண்டாம்.